அண்ணி அனுப்பிய கியர்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணி அவர்களுக்கு,

சைக்கிள் கியர் பார்சல் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர்தான் இருந்தது. கையெழுத்தும் அவனுடையதுதான். ஆனால் ஒவ்வொரு திருகையும் தனித்தனிக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, மேலே எண் போட்டு, ஒன்றாம் பொட்டலம் மேலாகவும் ஏழாம் பொட்டலம் அடியிலும் வரும்படி அடுக்குகிற ஆள் என் அண்ணன் இல்லை. அவன் சட்டைப் பித்தானையே ஒன்று தள்ளிப் போடுகிறவன். அதனால் இந்தக் கடிதத்தை உரிய ஆளுக்கே எழுதுகிறேன்.

நாம் பேசி ஏழு மாதம் ஆகிறது. போன் செய்யலாம் என்று கையில் எடுத்தேன். போன தடவை இரண்டே நிமிடத்தில் முடிந்தது ஞாபகம் வந்ததும் வைத்துவிட்டேன். நான் பேசினால் நீங்கள் குறுக்கே வருவீர்கள், நீங்கள் பேசினால் நான் கட் செய்வேன். கடிதத்தில் அந்த வசதி இரண்டு பேருக்கும் இல்லை.

நான் இங்கே லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருப்பான். லேபில் உட்கார்ந்து எடுப்பது இல்லை, வீடு வீடாகப் போய் எடுப்பது. காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பதினான்கு வீடு. எடுத்த குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து ஒன்பது மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். கீழே எட்டு வீடு பிரச்சினை இல்லை. மேட்டுத் தெருவில் இருக்கிற ஆறு வீடுதான் என் உயிரை வாங்குகிறது. அந்த மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அங்கே எல்லோரும் வெறும் வயிற்றில் காத்திருக்கிறவர்கள். காலைக் காபி குடிக்காமல் காத்திருக்கிற மனிதரைவிடக் கோபக்காரர் உலகத்தில் கிடையாது, அண்ணி. நேற்று ஒரு பெரியவர் கையை நீட்டுவதற்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தை நோக்கி விரலை நீட்டினார்.

மேனேஜர் சொல்லிவிட்டார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மேட்டுத் தெரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறவருக்குப் போய்விடும், நான் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டியதுதான். எனக்கு டோக்கன் கொடுக்கப் பிடிக்காது. இந்த வேலை பிடித்திருக்கிறது. சிரிக்காதீர்கள்.

என் வண்டி பழைய வண்டி. முன்பு கியர் இருந்ததாம், உடைந்ததும் செயினைச் சின்னதாக்கி ஒரே பல்சக்கரத்தில் ஓட்டியிருக்கிறார்கள். பின்னால் ஏழு பல்சக்கரமும் அப்படியே இருக்கின்றன. இங்கே சைக்கிள் கடை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் பெட்டியைக் காட்டினேன். "பஞ்சர்னா கொண்டாம்மா" என்று சொல்லிக் கடைக்குள் போய்விட்டார்.

ஐந்தாம் பொட்டலத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளித் தொப்பி இருக்கிறது. அது எதற்கு? மற்றதெல்லாம் எதற்கு?

நீங்கள் அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதை நான் மறக்கவில்லை. அது வேறு, இது வேறு.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 7, சனி

குடுக்கைக்கு,

அவசரக்குடுக்கை என்று உன் அப்பா வைத்த பட்டத்தை உன் அண்ணன் பாதியாக வெட்டினார். அந்தப் பாதியைத்தான் நான் ஆறு வருஷமாகக் கூப்பிட்டேன். கோபத்திலும் வேறெதுவும் வாயில் வரவில்லை, மன்னித்துக்கொள்.

பார்சல் நான் அனுப்பவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொட்டலத்துக்கு எண் போட்டதில் மாட்டிக்கொண்டேன். உன் அண்ணன் ஜனவரியில் அங்கே வந்தபோது உன் வண்டியைப் படம் பிடித்து வந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பல்லை எண்ணித்தான் செயினை வெட்டினேன். நீளம் சரியாக இருக்கும்.

இப்போது வேலை. ஒவ்வொன்றாகப் படி. படித்து முடித்துவிட்டுச் செய், படித்துக்கொண்டே செய்யாதே.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தாதே. இடம் வலம் குழம்பிவிடும். சீட்டைக் கயிற்றில் கட்டி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கவிடு.

பெரிய பொருளுக்கு டீரெய்லர் என்று பெயர். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துச் சக்கரத்துக்குத் தள்ளிவிடுகிற கை அது. சட்டத்தின் பின்முனையில் காது மாதிரி ஒரு தகடு தொங்கும், அதில் மரையுள்ள ஓட்டை இருக்கும். அது ஹேங்கர். ஓட்டையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய். டீரெய்லரின் போல்ட்டில் கிரீஸ் தடவிக் கையால் மாட்டு. மூன்று சுற்று கையால் போகும்வரை முடுக்குகிற சாவியைத் தொடாதே. இறுக்கமாக வந்தால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி.

செயின் பல்சக்கரத்தின் பின்பக்கமாக இறங்கி, டீரெய்லரில் இருக்கிற இரண்டு குட்டிச் சக்கரத்தில் மேலே இருப்பதற்கு முன்னால் போய், கீழே இருப்பதற்குப் பின்னால் சுற்றி, பெடல் பக்கம் போகும். மூன்றாம் பொட்டலத்தில் இருக்கிற பூட்டுக் கண்ணியால் இணை.

கேபிளை மாட்டும்போது கைப்பிடியிலிருக்கிற பழைய கியர் லீவர், கேபிள் முழுக்கத் தளர்ந்திருக்கிற எண்ணில் இருக்க வேண்டும். செயின் சின்னப் பல்சக்கரத்தில். கேபிளை இடுக்கியால் இழுத்துப் பிடித்துத் திருகை இறுக்கு. மிச்சத்தை இரண்டு விரல் விட்டு வெட்டு. வெட்டின முனை பிரியாமல் இருக்கத்தான் அந்த அரிசித் தொப்பி.

எச், எல் என்று எழுதின இரண்டு குட்டித் திருகு இருக்கும். அவற்றைத் தொடாதே. அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்காதே.

இதை எங்கள் சைக்கிள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நின்றால் தலை சுற்றுகிறது, வெயில்.

நானும் மறக்கவில்லை. "கை நிறைய கிரீஸோட நிக்கிறவங்க எனக்குப் புத்தி சொல்ல வேணாம்" என்றாய். உன் பெரியப்பா வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பரிமாற வந்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


மார்ச் 12, வியாழன்

அண்ணிக்கு,

மாட்டிவிட்டேன்.

எழுதும்போது ஒரே வார்த்தையாக இருக்கிறது. செய்யும்போது இரண்டு சாயங்காலம், ஒரு நகம், வீட்டுக்கார அம்மாவின் துணிக்கொடி. சைக்கிளைத் தொங்கவிட வேறு இடம் இல்லை. கொடி தாங்கியது, அதன் மறுமுனையைக் கட்டியிருந்த ஆணி தாங்கவில்லை. சத்தம் கேட்டு அந்த அம்மா மாடிக்கு வந்து பார்த்தார். தரையில் நான், என் மேல் சைக்கிள், சைக்கிள் மேல் அவருடைய போர்வை. "ரத்தம் எடுக்கற பொண்ணுன்னுதானே வீடு குடுத்தேன்" என்றார். பிறகு அவரே கீழே போய் ஒரு பெரிய ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். இப்போது நாங்கள் நல்ல சிநேகம்.

மூன்று சுற்று கையால் போகும்வரை என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு ஐந்தாவது தடவைதான் போனது. நான்கு தடவை கோணலாகப் போய்த் திரும்பி எடுத்தேன். சாவியைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று கை துடித்தது. ரத்தக்குழாய் பிடிபடாதபோதும் அப்படித்தான் இருக்கும். ஊசியை உள்ளே வைத்துத் துழாவக் கூடாது, எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டேன், கை அடங்கியது.

இப்போது பிரச்சினை. பெடலைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி. விடாமல் வருகிறது. எந்தப் பல்சக்கரத்தில் போட்டாலும் வருகிறது. எண்ணெய் விட்டேன். கரகரப்பு வழவழவென்று கேட்கிறது, நிற்கவில்லை.

கை விஷயம். மூன்று தடவை கழுவிவிட்டு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு என் கையும் அப்படித்தான் இருக்கிறது. நான்கு தடவை கழுவியும் இன்று காலை ஒரு பாட்டியம்மா "கையுறை போட்டுக்கம்மா" என்றார். போட்டுத்தான் இருந்தேன். அதற்குள்ளிருந்தும் கறை தெரிந்திருக்கிறது.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முதலில் சொன்னது நீங்கள். "இவ எதையும் பாதிக்கு மேல செஞ்சதில்ல." மூன்றாவது வேலையை விட்டுவிட்டு வந்த அன்று, சோறு வாயில் இருக்கும்போது. விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை.

முதல் தேதிக்கு இன்னும் இருபது நாள்.

குடுக்கை


மார்ச் 16, திங்கள்

குடுக்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். கொடியும் போர்வையும் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் தன் வண்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து, "அவ்வளவு மோசமா இருக்கா?" என்று கேட்டார்.

கரகரப்பு என் தப்பு. டீரெய்லரில் இரண்டு குட்டிச் சக்கரத்துக்கும் நடுவே நாக்கு மாதிரி சின்னத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கு உள்பக்கமாகப் போக வேண்டும். நீ வெளிப்பக்கமாக விட்டிருப்பாய். எல்லோரும் முதல் தடவை அப்படித்தான் விடுவார்கள். அதனால்தான் எல்லோருக்கும் முதலிலேயே சொல்வேன். உனக்கு எழுத மறந்துவிட்டேன். பூட்டுக் கண்ணியைக் கழற்றி, செயினை நாக்குக்கு உள்ளே விட்டு மறுபடி பூட்டு. சத்தம் நிற்கும்.

இப்போது அந்த இரண்டு திருகு. எச் திருகு, செயின் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் நிறுத்தும். எல் திருகு, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே, சக்கரத்தின் கம்பிகளுக்குள் விழாமல் நிறுத்தும். எச் தவறினால் செயின் கழலும், அவ்வளவுதான். எல் தவறினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மேடு ஏற நீ பெரிய பல்சக்கரத்துக்குத்தான் போவாய். அதனால் இதைச் சரி பார்க்காமல் மேட்டுப் பக்கமே போகாதே.

தொங்கவிட்டபடி, பின்னால் குந்தி உட்கார்ந்து பார். செயின் சின்னதில் இருக்கும்போது மேல் குட்டிச் சக்கரம் சின்னப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும், அதற்கு எச். பிறகு ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரை மறு கையால் உள்பக்கம் தள்ளு. பெரியதற்கு நேர் கீழே வந்து, எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் போகாமல் முட்டி நிற்க வேண்டும், அதற்கு எல். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பு.

உன் அண்ணனுக்கு இப்போது தபால்காரர்மேல் தனிப் பிரியம். "அவ கடிதம் வந்துச்சா? என்ன எழுதியிருக்கா?" என்று கேட்பார். "செயினைப் பத்தி" என்பேன். "அப்புறம்?" என்பார். "கேபிளைப் பத்தி." பாவம், ஏழு மாதம் நம் இருவருக்கும் நடுவில் அவர்தான் கேபிளாக இருந்தார்.

மாடியேறி வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. வயசாகிறது போல. முப்பத்தேழு.

அண்ணி


மார்ச் 17, செவ்வாய்

அண்ணி,

உங்கள் அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை. வருவதற்குள் விழுந்துவிட்டேன்.

ரோட்டில் எடுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். எடுத்தேன். சத்தம் மட்டும்தானே, ஓடுகிறதே என்று நினைத்தேன். மேட்டின் பாதியில் லீவரை ஒரு தட்டுத் தட்டினேன், இன்னும் ஒரு தட்டு. செயின் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிக் கம்பிகளுக்குள் போய்ச் சக்கரம் நின்றுவிட்டது. வலது பக்கமாக விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. ஐஸ் பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு விழுந்திருக்கிறேன். பதினொரு குழாயும் உடையவில்லை. ஆனால் லேபுக்குப் போகும்போது மணி ஒன்பதரை. நேரம் தாண்டி மூன்று பேருடைய ரத்தம் வீணாகிவிட்டது, நாளை மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி வெறும் வயிறு. மேனேஜர் டோக்கன் புத்தகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினார்.

டீரெய்லர் இப்போது உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நான் எல்லாவற்றையும் கழற்றி அனுப்பிவிடுகிறேன். யாராவது உருப்படியானவர்களுக்குக் கொடுங்கள். நீங்கள் அன்று சொன்னது சரிதான். மேட்டிலும் பாதியில்தான் விழுந்தேன்.

குடுக்கை


மார்ச் 20, வெள்ளி

குடுக்கை,

எதையும் கழற்றாதே. முதலில் முழங்காலை நன்றாகக் கழுவினாயா? மருந்து போடுகிற வேலையில் இருக்கிறவர்கள்தான் தமக்குப் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நான் இந்தக் கடையில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பந்தயக்காரருடைய வண்டிக்கு டீரெய்லர் மாட்டினேன். எல் திருகைப் பார்க்க மறந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் நடந்து வந்தார். ஒரு தோளில் வண்டி, மறு கையில் சக்கரம், சக்கரத்தில் ஆறு கம்பி இல்லை. கடை முதலாளி என்னைத் திட்டவில்லை. சக்கரத்தை என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அன்று மாலை வரை ஒவ்வொரு கம்பியாகப் போட்டேன். அழுதுகொண்டேதான் போட்டேன். போட்டு முடித்தேன் என்பதால் இன்றைக்கு இந்தக் கடையில் இருக்கிறேன். இது உன் அண்ணனுக்கும் தெரியாது.

வண்டிக்கு நேர் பின்னால் போய் நின்று பார். பல்சக்கரங்களும் இரண்டு குட்டிச் சக்கரமும் ஒரே கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழ்ப்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் வளைந்தது டீரெய்லர் இல்லை, ஹேங்கர் காது. அது வளைவதற்காகவே மெலிதாகச் செய்தது. அது வளைந்துகொடுத்ததால்தான் மற்றது பிழைத்தது. டீரெய்லரை மாட்டின போல்ட்டின் ஓட்டைக்குள் எல் வடிவச் சாவியை முழுக்க விடு. சாவியின் நீண்ட பக்கத்தைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கமாக வளைத்து இழு. ஒரே இழுப்பில் நிமிர்த்தப் பார்க்காதே. கொஞ்சம் இழு, பின்னால் போய்ப் பார், மறுபடி கொஞ்சம். நேராகிவிடும். பிறகு நான் 16ஆம் தேதி எழுதினதை வைத்துக்கொண்டு எச், எல் இரண்டையும் பார்.

இனி வேறு ஒன்று. இதைப் போனில் என்னால் சொல்ல முடியாது.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு செருப்புக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷம். முதல் வாரத்திலேயே பிடிக்கவில்லை. எழுந்து போகத் துணிச்சல் இல்லாமல் ஒன்பது வருஷம் உட்கார்ந்தேன். நீ மூன்றாவது தடவையாக "பிடிக்கல, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாவதானமாகச் சோற்றைப் பிசைந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது உன் மேல் கோபம் இல்லை. பொறாமை என்று அன்று எனக்குத் தெரியவில்லை. சொன்னது தப்பு, எல்லோர் முன்னால் சொன்னது பெரிய தப்பு.

நீ பாதியில் விடுகிறவள் இல்லை. வேண்டாததை விடுகிறவள். இது உனக்கு வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய், சிரிக்காதீர்கள் என்று. நான் சிரிக்கவில்லை.

அண்ணி


மார்ச் 27, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

மேட்டில் ஏறிவிட்டேன். இறங்கவே இல்லை, ஒரு காலைக்கூடத் தரையில் வைக்கவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காதை நிமிர்த்தினேன். வீட்டுக்கார அம்மா பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும், அய்யோ அதிகமாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாக்குக்கு உள்ளே செயினை விட்டேன். கரகரப்பு போன இடம் தெரியவில்லை. எல் திருகை முட்டி நிற்கும்படி வைத்து, நம்பிக்கை வராமல் இருபது தடவை தள்ளிப் பார்த்தேன்.

ஆனால் அதன் பிறகும் ஒரு தட்டுத் தட்டினால் செயின் யோசித்தது. போகலாமா வேண்டாமா என்று டிக்டிக் என்று இருந்துவிட்டு, நான் வேறு வேலை பார்க்கும்போது போனது. நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை. கேபிள் டீரெய்லருக்குள் நுழைகிற இடத்தில் விரலால் திருப்புகிற உருளை ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செயின் மேலே ஏறத் தயங்குகிறது என்றால் கேபிள் போதுமான அளவு இழுக்கவில்லை. அதை இறுக்கமாக்கினால் என்ன என்று கால் சுற்று வெளியே திருப்பினேன். தயக்கம் குறைந்தது. இன்னொரு கால் சுற்று. ஒரு தட்டுக்கு ஒரு பல்சக்கரம், கேட்டவுடன். இன்னும் கால் சுற்று திருப்பிப் பார்த்தேன், செயின் சின்னதற்கு இறங்கும்போது தயங்கியது, பழையபடி திருப்பி வைத்துவிட்டேன். நானாகவே கண்டுபிடித்தேன், அண்ணி. சரியா என்று எழுதுங்கள். தப்பு என்றாலும் மெதுவாக எழுதுங்கள்.

புதன்கிழமை மேடு. ஆரம்பத்திலேயே பெரிய பல்சக்கரத்துக்குப் போய்விட்டேன். கால் சுற்றுகிறது சுற்றுகிறது, வண்டி நகர்கிற மாதிரியே இல்லை. பால் கேன் தூக்கிக்கொண்டு நடந்து வந்த ஒருவர் எனக்கு முன்னால் போனார். போகட்டும் என்று விட்டேன். உச்சியில் அந்தக் கடிகாரப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். மணி ஏழு ஐம்பது. "இவ்வளவு சீக்கிரம் வந்தா நான் எப்படி ரெடியா இருக்கறது?" என்று என்னைத் திட்டினார். எட்டே முக்காலுக்கு லேப். நேற்றும் இன்றும் அதேதான். மேனேஜர் இன்று டோக்கன் புத்தகத்தை வேறு ஒருவரிடம் கொடுத்தார்.

செருப்புக் கடை பற்றி எழுதினதைப் பல தடவை படித்தேன். கிரீஸ் பற்றிச் சொன்னதற்கு, மன்னித்துவிடுங்கள்.

இப்போது என் தொழில் விஷயம். முதல் கடிதத்தில் நின்றால் தலை சுற்றுகிறது என்றீர்கள். அடுத்ததில் மாடியேறும்போது இரண்டு இடத்தில் நிற்பதாக. அண்ணனிடம் போனில் கேட்டேன், நாக்கும் நகமும் வெளுத்திருக்கிறதா என்று. "எனக்கு எப்படித் தெரியும், எப்பவும் கறுப்பாத்தானே இருக்கு நகம்" என்றான். ரத்தம் பரிசோதித்தீர்களா? எப்போது? என்ன வந்தது?

குடுக்கை


மார்ச் 31, செவ்வாய்

அன்புள்ள குடுக்கை,

உருளையைத் திருப்பினது சரி. நான் எழுத வைத்திருந்ததை நீயே செய்துவிட்டாய். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடையில் எல்லோரிடமும் சொன்னேன். முதலாளி, "இடம் காலியா இருக்குன்னு சொல்லு" என்றார். நான் சொல்ல மாட்டேன், உன் வேலை உனக்கு இருக்கட்டும்.

இங்கே வெயில் அதிகம். ஒரு புது வண்டி வந்திருக்கிறது, முழுக்கக் கேபிள் சட்டத்துக்கு உள்ளேயே ஓடுகிறது, அதைப் பற்றி விரிவாக எழுதலாம் என்று இருக்கிறேன்.

மேலே இருக்கிற பத்தியை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி, எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

டாக்டர் பிப்ரவரியிலேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு தடவை லேபுக்குப் போனேன். முதல் தடவை டோக்கன் வாங்கிக்கொண்டு, என் எண் வருவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது தடவை நாற்காலி வரைக்கும் போய்க் கையையும் நீட்டினேன். அந்தப் பெண் ரப்பர் பட்டையைக் கட்டினாள். எனக்கு அதற்கு மேல் ஞாபகம் இல்லை. தெருவில் நடந்துகொண்டிருந்தேன், கையில் பட்டை அப்படியே இருந்தது. இன்னும் என் டூல் பெட்டியில்தான் கிடக்கிறது.

செயின் அறுத்து விரல் பிளந்து தையல் போட்டிருக்கிறார்கள், அப்போது ஒன்றும் இல்லை. ரத்தம் எடுக்கிற ஊசி என்றால் மட்டும் எனக்குப் பயம், எழுந்து ஓடிவிடுகிறேன். உன் அண்ணனிடம் ரிப்போர்ட் நன்றாக வந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டு முட்டை வாங்கி வந்தார். அது வேறு உறுத்துகிறது.

சிரிக்காதே.

அண்ணி


ஏப்ரல் 3, வெள்ளி

அன்புள்ள அண்ணி,

நான் சிரிக்கவில்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் இரண்டு பேர் அப்படித்தான். ஒரு போலீஸ்காரர் இருக்கிறார், ஒவ்வொரு தடவையும் என் பையைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். கதவுக்கு வெளியே நின்று அரை மணி நேரம் சினிமாக் கதை பேசுவேன். பட்டையைக் கட்டிக்கொண்டே ஓடினது மட்டும் நீங்கள்தான் முதல். அது லேப் சொத்து.

இந்தத் தடவை நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள். படித்து முடித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஞாயிறு, 12ஆம் தேதி. உங்கள் தெருமுனை லேபில் என்னுடன் படித்தவள் வேலை பார்க்கிறாள். அவளிடம் பேசிவிட்டேன். அங்கே நானே எடுக்கிறேன். காலை எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ரத்தக்குழாய் நன்றாகப் பிடிபடும். கை குளிர்ந்திருக்கக் கூடாது, வெந்நீரில் கழுவுங்கள். உட்கார்ந்து இல்லை, படுத்துக்கொண்டு. கண்ணை மூட வேண்டாம், மூடினால் பயம் அதிகமாகும். எனக்கு ஏதாவது விளக்கிச் சொல்லிக்கொண்டே இருங்கள். கேபிள் உள்ளே ஓடுகிற வண்டி பற்றி எழுதுவதாகச் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் வருவதற்கு முன்னால். முட்டையைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வருகிறேன். பட்டையை எடுத்து வையுங்கள்.

குடுக்கை


ஏப்ரல் 17, வெள்ளி

அன்புள்ள குடுக்கை,

ரிப்போர்ட் வந்தது. நீ போனில் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய், ஆனாலும் நான் எழுத வேண்டும். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. டாக்டர் படித்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். "நாள் பூரா இரும்போட இருந்துமா?" என்றார். பன்னிரண்டு வாரம் மாத்திரை. ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன். வாயில் சைக்கிள் கடை நடத்துகிற மாதிரி ருசி. ஆனால் நேற்று மாடியில் ஒரு இடத்தில்தான் நின்றேன்.

அண்ணனிடம் சொன்னதை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீ வந்த அன்று ராத்திரி, உன்னைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தார். "என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன பயம்?" என்றார். ஊசிக்குப் பயந்தேன், உங்களுக்கு இல்லை என்றேன். அதற்கு அவர், "அப்ப பாதி விஷயம் எனக்குத் தெரியாமலே இந்த வீட்ல நடக்குது" என்றார். கோபம்தான். ஆனால் இப்போது தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நிற்கிறார். விழுங்கிக் காட்டினால்தான் நகர்வார்.

அந்த ஞாயிறு காலையைப் பற்றி உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீ பட்டையைக் கட்டினாய். நான் அந்தப் புது வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கேபிள் ஹேண்டில்பார் வழியாக உள்ளே போய், சட்டத்தின் அடிக்குழாயில் எப்படித் திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ "ம், அங்க மாட்டிக்காதா?" என்று கேட்டாய். மாட்டாது, உள்ளே ஒரு ரப்பர் குழாய் இருக்கும் என்று சொல்லி, அதை எப்படி நுழைப்பது என்று விரலால் காட்டப் போனேன். "கைய ஆட்டாதீங்க, பஞ்சு வெச்சிருக்கேன்" என்றாய். எடுத்து முடித்திருந்தாய். ஊசி எப்போது போனது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை. நீ பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழாயைப் பார்க்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆறு வருஷமாக நாத்தனார். அவ்வளவு பக்கத்தில் உன் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். நன்றாகச் செய்கிறாய், குடுக்கை. வேலை தெரிந்தவர்களின் கை அது. எனக்கு அது தெரியும்.

ஜூலையில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். இங்கேயே உன் தோழியிடம் எடுத்துக்கொள்ளலாம், அவளும் நல்ல பெண், கையும் மென்மையாகத்தான் இருக்கிறது, தெருமுனையிலேயே லேப். ஆனாலும் நீயே வா. ஊசிக்குப் பயந்துதான் கூப்பிடுகிறாள் என்று அண்ணனிடம் சொல்லிக்கொள்.

அண்ணி